பரம்படிச்ச நிலா

உக்காருங்க அண்ணாச்சி, ஏன் நிக்கீங்க? உள்ள போன பெரியவங்க இப்போதைக்கு வெளிய வர மாட்டாங்க. நீங்கதானே அவங்கள ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்தது? பாத்தேன், வெள்ளை வண்டி. வேப்பமரத்தடியில போட்டிருக்கீங்க. போடுங்க, ஆனா காக்கா எச்சம் விழும், பொறவு என்னையச் சொல்லக் கூடாது.

நானும் உள்ளதான் போணும். பத்தரைக்கு வான்னாங்க, மணி இப்ப பன்னெண்டாகப் போகுது. எப்பவுமே இப்படித்தான். இது மூணாவது தடவை பாத்துக்கிடுங்க. மொத தடவை பேரு, ஊரு, சர்வீஸ் எல்லாம் கேட்டாங்க. ரெண்டாவது தடவையும் பேரு, ஊரு, சர்வீஸ், பொறவு சாமான் கணக்குக் கேட்டாங்க. அலுத்துப் போச்சு.

என்ன விசாரணையா? பேப்பர்ல படிச்சிருப்பீங்களே. நிலாவுல எறங்கப் போன வண்டி கவுந்து விழுந்துச்சுல்லா, போன ஆவணியில. அதேதான். ஏன் கவுந்துச்சுன்னு கண்டுபிடிக்க அஞ்சு பேரு கமிட்டி. அந்த அஞ்சு பேர்ல மூணு பேரைத்தான் நீங்க ஏத்திட்டு வந்திருக்கீங்க.

எம்பேரு இசக்கியப்பன். டெக்னீசியன். இருபத்தொம்போது வருஷ சர்வீஸ், இன்னும் ரெண்டு மாசத்துல ரிடையர்டு. என் வேலை என்னன்னு சொன்னா சிரிப்பீங்க. மண்ண மட்டமாக்குதது. சிரிக்காதீங்க, நெசமாத்தான். அந்தா தெரியுதுல்லா, நீல ஷெட்டு, அதுக்குள்ள ஒரு தொட்டி இருக்கு. நீச்சல்குளம் தண்டி இருக்கும். தண்ணிக்குப் பதிலா மண்ணு. சேலம் பக்கம் ஒரு மலையில இருந்து லாரி லாரியா வெள்ளைக் கல்லு கொண்டு வந்து, மாவா அரைச்சு, சலிச்சுக் கொட்டியிருக்கு. நிலாவுல கெடக்க மண்ணு இப்படித்தான் இருக்குமாம். நாங்க அதுக்கு நிலாக்குழின்னு பேரு வச்சிருக்கோம்.

மேல கிரேன் இருக்கும். நிலாவுக்குப் போற வண்டி மாதிரியே ஒரு பொம்மை செஞ்சு, நாலு காலு வச்சு, கிரேன்ல தூக்கிக் கீழ போடுவாங்க. காலு தாங்குதா, மடங்குதா, எவ்வளவு புதையுதுன்னு பாப்பாங்க. நிலாவுல எடை கம்மியாம், அதுக்குத் தக்கன பொம்மையையும் எடை கம்மியாச் செஞ்சிருப்பாங்க. ஒரு தடவை போட்டா குழியில மண்ணு கண்டமேனிக்குச் செதறிப் போகும். அடுத்த தடவை போடுததுக்கு முன்னால அதை மட்டமாக்கணும். அந்த வேலை எனக்கு.

சும்மா மம்பட்டியால இழுத்து விடுத வேலைன்னு நினைச்சிராதீங்க. எனக்கு முன்னால இருந்தவன் அப்படித்தான் செஞ்சான். நான் வந்துதான் மாத்தினேன். எங்கப்பா நெல்லு போட்டவரு. நாத்து நடுததுக்கு முன்னால வயல்ல பலகையைப் போட்டு இழுத்துப் பரம்படிப்பாங்கல்லா, தண்ணி ஒரே மட்டமா நிக்கணும்னு? அதேமாதிரி ஒரு பலகை செஞ்சேன். ரெண்டு பக்கமும் கயிறு. நான் ஒரு ஓரத்துல, அந்தோணிங்கிற பையன் எதிர் ஓரத்துல. இழுத்துட்டு, கொத்தனார் மாதிரி நூல் கட்டிப் பாப்பேன். நூலுக்கும் மண்ணுக்கும் நடுவுல வெரலு போவக் கூடாது. ஒரு குண்டுமணி அளவு கல்லு கெடந்தாலும் எறங்கிப் பொறுக்கிருவேன். மாஸ்க் போட்டுக்கிட்டு, அந்தத் தூசியில, அரை நாளு. ஒரு தடவை டெல்லியில இருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி பாத்துட்டு, இதுல கால் வைக்கவே மனசு வரலைன்னு சொல்லிட்டுப் போனாரு. இருபத்தொம்போது வருஷத்துல எனக்குக் கெடைச்ச நல்ல வார்த்தை அது ஒண்ணுதான்.

டீ சொல்லட்டா? வேண்டாமா. சரி.

அன்னைக்கு நடந்ததைச் சொல்லுதேன். ஆவணி மாசம், சாயங்காலம் ஆறு மணி. கேன்டீன்ல பெரிய திரை கட்டியிருந்தாங்க. மாஸ்டர் மத்தியானமே சேமியாப் பாயசம் போட்டு அண்டாவுல மூடி வச்சிருந்தாரு. வண்டி எறங்கினதும் ஆளுக்கு ஒரு டம்ளர். நாலு வருஷ வேலை அண்ணாச்சி. எத்தனையோ கோடின்னு பேப்பர்காரன் போடுதான், அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது, இந்த நாலு வருஷத்துல சனி ஞாயிறு பாத்தவன் இங்க எவனும் இல்ல. மேடம் ஒருத்தங்க இருக்காங்க, மெர்லின் மேடம், கொளச்சல்காரங்க, வண்டிக்குக் காலு பூரா அவங்க டிசைன்தான். அவங்க அப்பா சாவுக்குப் போயிட்டு மூணாம் நாளே வந்து நின்னாங்க. அவ்வளவையும் கொண்டு போயி கடைசி பதினஞ்சு நிமிஷத்துல வைக்காங்க. அந்தப் பதினஞ்சு நிமிஷம் இங்க இருந்து யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. வண்டியே பாத்து, வண்டியே முடிவு பண்ணி, வண்டியே எறங்கணும். நாம கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.

நின்னோம். திரையில நாலு வட்டம் போட்டிருந்தாங்க. ஒவ்வொரு காலும் தரையத் தொட்டா ஒரு வட்டம் பச்சையாகும். ஒண்ணாச்சு, ரெண்டாச்சு, மூணும் நாலும் சேந்து ஆச்சு. எல்லாரும் கையத் தட்டிட்டாங்க. நானும் தட்டினேன். அந்தோணி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். திரையில பக்கத்துல இன்னொரு நம்பர் ஓடிக்கிட்டு இருந்துச்சு, வண்டி எவ்வளவு சாஞ்சிருக்குன்னு. அதை யாரும் பாக்கல. மேடம் மட்டும் பாத்தாங்க. அஞ்சு, பதினொண்ணு, இருபத்திமூணு. கைதட்டு ஒவ்வொரு மேசையா அடங்கிச்சு. நாப்பதுக்கு மேல நம்பரும் இல்ல, சத்தமும் இல்ல.

ஒரு மாசம் கழிச்சு நிலாவைச் சுத்துத இன்னொரு வண்டி போட்டோ எடுத்து அனுப்பிச்சு. கோழி ஒருக்களிச்சுப் படுத்த மாதிரி கெடக்கு. பக்கத்துல நம்ம ஆட்டுரல் அளவுக்கு ஒரு கல்லு. மூணு காலு மண்ணுல, ஒரு காலு கல்லு மேல ஏறிருக்கு. அவ்வளவுதான். வேற எந்தக் கோளாறும் இல்ல. எஞ்சின் நல்லா இருந்துச்சு, காலு கூட முறியல. அந்தப் பாயசத்தை மாஸ்டர் மறுநாள் காலையில கொட்டினாரு.

அதுக்குப் பொறவு வெளிய தலை காட்ட முடியல. டீக்கடையில, என்ன அண்ணாச்சி, உங்க வண்டி குப்புற விழுந்துட்டாம்லாங்கான். அந்தக் காசுக்கு எத்தனை பாலம் கட்டியிருக்கலாம்னு ஒருத்தன் கணக்குச் சொல்லுதான். எங்க தெருவுக்கு வாற பாலமே பத்து வருஷமா பாதியில நிக்கி, அதை அவன் கேக்க மாட்டான்.

சரி, அதெல்லாம் போட்டும். எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, இந்தக் காகிதம். பாருங்க. இங்கிலீஷ்ல இருக்கு, எம்மவதான் தமிழ்ல சொன்னா. மெர்லின் மேடம் கமிட்டிக்கு எழுதிக் குடுத்தது. இதை நானு ஒத்துக்கிடுதேனா இல்லையான்னு சொல்லத்தான் இன்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க. என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? குழியை மட்டமாக்கச் சொன்னது நான்தான். டெக்னீசியன் என் உத்தரவுப்படி செய்தார். இதில் அவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை.

பொறுப்பு இல்லையாம் அண்ணாச்சி. இத்தனை வருஷமா அந்தக் குழிக்குப் பொறுப்பு யாரு? மேடம் வந்து ஆறு வருஷம்தான் ஆகுது. பலகை செஞ்சவன் நானு. நூல் கட்டிப் பாத்தவன் நானு. ஒரு நாளாவது அவங்க வந்து இப்படி இழுங்க, அப்படி இழுங்கன்னு சொன்னது உண்டா? எல்லாமே அவங்க உத்தரவாம். நான் சொன்னதைச் செய்யுத கூலியாம். படிச்சவங்க புத்தியைப் பாத்தீங்களா. நல்லதானாலும் அவங்கதான் செய்யணும், கெட்டதானாலும் அவங்கதான் செய்யணும். நமக்கு ஒண்ணும் விட்டு வைக்க மாட்டாங்க.

அவங்கள எனக்குப் பிடிக்காதுன்னு இல்ல. அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க. தீவாளிக்குச் சட்டைத்துணி எடுத்துத் தருவாங்க. அதனாலதான் கூடுதலா வலிக்கி.

ஒரே ஒரு தடவைதான் எனக்கும் அவங்களுக்கும் உரசல். அதையும் சொல்லிருதேன், நீங்களே ஞாயம் சொல்லுங்க. வண்டி போறதுக்கு எட்டு மாசம் முன்னால. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ரேஷன் கடைக்குன்னு பெர்மிஷன் போட்டுட்டுப் போயிட்டேன். சனிக்கிழமை காலையில வந்து ஷெட்டைத் தொறந்து பாக்கேன், என் குழியில கல்லு கெடக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, பத்து பன்னெண்டு. சின்னதும் பெருசுமா, சுண்ணாம்புக் கட்டியால நம்பர் போட்டு. ஒரு ஓரத்துல மண்ணைக் குவிச்சு மேடு வேற. அந்தோணியக் கேட்டா, மேடம்தான் நேத்து சாயங்காலம் ஆளை வச்சு எறக்கினாங்கங்கான். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. நம்ம வீட்டு அடுப்பங்கரையில எவனோ செருப்போட நடந்துட்டுப் போன மாதிரி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைக்கல.

அன்னைக்கு மத்தியானம் வேற யாரோ பார்வையாளருங்க வாறாங்கன்னு சேதி. காலேஜ் வாத்தியாருங்கன்னு நினைக்கேன். அவங்க வந்து இந்தக் கோலத்தைப் பாத்தா, என்ன நினைப்பாங்க? இசக்கியப்பன் குழியைக் குப்பைமேடா வச்சிருக்கான்னுதானே? எல்லாக் கல்லையும் தூக்கி வெளிய போட்டேன். மேட்டைக் கலைச்சேன். சனிக்கிழமை பூரா, ஞாயித்துக்கிழமை பாதி, ரெண்டு பேரும் பரம்படிச்சோம். என் சர்வீஸ்லயே அப்படி ஒரு மட்டம் வந்ததில்ல. அந்தோணி போட்டோ எடுத்து வச்சிருக்கான்.

திங்கக்கிழமை காலையில பொம்மை போடுத நாளு. மேடம் வந்தாங்க. வாசல்ல நின்னு குழியைப் பாத்தாங்க. அண்ணே, கல்லு எங்கன்னு கேட்டாங்க. சுத்தம் பண்ணிட்டேன் மேடம்னேன். கிரேனை நிமிந்து பாத்தாங்க. மேல கிரேன்ல பொம்மையை ஏற்கெனவே தூக்கியாச்சு. மேனேஜர் கத்துதாரு, கிரேன் இன்னைக்கு விட்டா அடுத்த மாசம்தான் கெடைக்கும், ஏற்கெனவே நாப்பது நாளு பின்னால இருக்கோம், கல்லு சோதனையைப் பொறவு பாத்துக்கலாம், போடுங்கங்காரு. மேடம் என்னையப் பாத்தாங்க. அந்தோணியை விட்டா எங்க ரெண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும், கல்லை எடுத்தது நான்னு. மேனேஜர்கிட்டச் சொல்லல. சரின்னு தலையாட்டிட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டாங்க. நான் என்ன நினைச்சேன்னா, குழி அவ்வளவு மட்டமா இருக்கதைப் பாத்துதான் அவங்களுக்கு வாய் அடைஞ்சு போச்சுன்னு நினைச்சேன். பொம்மை போட்டாங்க, பூப்போல எறங்கிச்சு. எல்லாரும் சந்தோசமாப் போனாங்க. பொறவுன்னு சொன்ன கல்லு சோதனை வரவே இல்ல. கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பாத்துக்கிட்டாங்க. தேதி வந்துட்டு, வண்டி போயிட்டு.

இப்ப மேடத்தை அடுத்த வண்டி வேலையில இருந்து எடுத்துட்டாங்க. இன்னும் ஆர்டர் வரல, ஆனா எல்லாருக்கும் தெரியும். லைப்ரரி பக்கம் ஏதோ சீட்டுக் குடுக்காங்களாம். அடுத்த வண்டிக்குக் காலு யாரு செய்வான்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியல. அதுக்கு நான் என்ன செய்ய? அவங்களா எழுதிக் குடுத்தது. நான் இன்னைக்கு உள்ள போயி நேரா சொல்லப் போறேன், மேடம் எனக்கு உத்தரவு ஒண்ணும் போடல, அந்த மட்டம் முழுக்க என் கைவேலைன்னு. என் பேரு அந்த ரிப்போர்ட்ல வரணும்.

என்ன கேக்கீங்க? கல்லு கெடக்கும்போதே பொம்மையைப் போட்டுப் பாத்திருந்தா என்ன ஆகியிருக்குமா?

என்ன ஆகியிருக்கும். கவுந்திருக்கும். கவுந்தா என்ன, கிரேன்ல ஒரு கொக்கியைப் போட்டு நிமித்தி வச்சிட்டு, காலை அகட்டி வைக்கணுமா, நீட்டணுமான்னு பாத்திருப்பாங்க. ஒரு நாளு வேலை. அதுக்குத்தானே சோதனைன்னு பேரு. இங்க கவுந்தா...

இல்ல, ஒண்ணும் இல்ல. தூசி. கண்ணுல விழுந்துட்டு.

இங்க கவுந்தா தூக்கி நிறுத்தலாம்னு சொல்ல வந்தேன்.

நீங்க ஏன் அண்ணாச்சி இதைக் கேட்டீங்க? மூணு தடவை வந்திருக்காங்க, இவ்வளவு படிச்ச ஆளுங்க, பலகை என்ன மரம், எத்தனை கிலோன்னு கேட்டாங்களே ஒழிய இதைக் கேக்கல. வீட்டுக்காரியும் கேக்கல. நானாவது கேட்டிருக்கணும். எட்டு மாசம் இருந்துச்சு. ஒரு தடவை அந்தக் கல்லை எடுத்து உள்ள போட்டு, மேடம், வாங்க, போட்டுப் பாப்போம்னு சொல்லியிருக்கலாம். ஷெட்டுக்குப் பின்னாலதான் கெடந்துச்சு அத்தனையும். தினம் அதுல உக்காந்துதான் நான் டிபன் பாக்ஸைத் தொறப்பேன்.

ஆமா, ரெண்டு மாசம்னு சொன்னேன்லா. ஜூன் முப்பது. உங்க மச்சினருக்கா? போக்குவரத்துல கண்டக்டரா. விசாரணை நிலுவையில இருக்கும்போது ரிடையர்டு ஆனாரா. எத்தனை வருஷமா? ஏழா. ஏழு வருஷமா பென்ஷன் ஒண்ணும் வரலையா. கேஸ் முடியுற வரைக்கும் தர மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். இங்கயும் அதே சட்டம்தான். எங்க செக்ஷன்ல ஒருத்தருக்கு அப்படி ஆச்சு. மேடத்துக்கும் தெரியும், அவருக்கு மனு எழுதிக் குடுத்ததே அவங்கதான்.

தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்க.

பொறுப்பு எதுவும் இல்லைன்னு. இதை நான் ஒரு வாரமா சட்டைப்பையில வச்சுக்கிட்டு, தெருவுல போறவன் வாறவன்கிட்ட எல்லாம் காட்டிக் கொறை சொல்லிட்டுத் திரியுதேன். எம்மவ வாசிச்சு முடிச்சதும் அழுதா. நான் என்ன நினைச்சேன்? அப்பனை இப்படி அவமானப்படுத்திட்டாங்களேன்னு அழுதான்னு நினைச்சேன். கோட்டிக்காரன் நானு.

தண்ணி இருக்கா? குடுங்க. போதும், போதும்.

இப்ப நான் வேற ஒண்ணும் சொல்லாம, ஆமா சார், மேடம் சொன்னாங்க, செஞ்சேன்னு சொன்னா முடிஞ்சுது. ஜூன் முப்பதுல மாலையைப் போட்டு அனுப்பிருவாங்க. மாடியில ரெண்டு ரூம் எடுக்கணும்னு வீட்டுக்காரி தரைக்குக் கல்லு கூடப் பாத்து வச்சிருக்கா. மேடம் லைப்ரரிக்குப் போயிருவாங்க. அடுத்த வண்டிக்கு எவனோ வந்து காலு செய்வான். அந்தோணி குழியை மட்டமாக்குவான், நான் சொல்லிக் குடுத்த மாதிரியே, நூல் கட்டி. அந்த வண்டியும் போகும். எல்லாரும் கேன்டீன்ல கையைத் தட்டிக்கிட்டு நிப்பாங்க.

கூப்பிடுதாங்களா? என் பேரா?

ஆமா, இசக்கியப்பன்தான். வாறேன் சார், ஒரு நிமிஷம்.

உங்க மேல எனக்கு வருத்தம் அண்ணாச்சி, உண்மையாவே வருத்தம். நீங்க அதைக் கேக்காம இருந்திருந்தா நான் கோவத்தோட உள்ள போயிருப்பேன். மேடம் சொல்லல சார், நானாத்தான் செஞ்சேன்னு படக்குனு போட்டு ஒடைச்சிட்டு வந்திருப்பேன். காலையில கண்ணாடி முன்னால நின்னு மூணு தடவை சொல்லிப் பாத்துட்டு வந்தேன், நெஞ்சை நிமித்திக்கிட்டு. இப்பவும் அதேதான் சொல்லணும், ஒரு எழுத்து மாத்த வேண்டாம். தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்லணும், அவ்வளவுதான்.

நீங்க வண்டியைக் காக்கா இல்லாத நிழலுக்கு மாத்திப் போடுங்க. எனக்கு நேரமாகும்.